உலை எண்ணிய ராத்தா

எங்கள் குறுகிய ஒழுங்கைக்கு இப்போது கணக்கெடுக்க வருகிறவர்கள் கையில் டெப் கணினி ஒன்று இருக்கிறது. கேற்றுக்கு வெளியே நின்று, "வீட்டில எத்தனை பேர், மாச வருமானம் எவ்வளவு" என்று கேட்கிறார்கள். நாம் சொல்வதை விரலால் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் போன பிறகு, சட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லையே என்று எனக்குத் தோன்றும்.

முன்பு வந்தவர் வாசலில் நின்று எதையும் எழுதமாட்டார். ஸலாம் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராகக் குசினிக்குப் போவார். சோற்றுச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். பிறகுதான் பாயில் உட்கார்ந்து பைலைத் திறப்பார். பெண் என்றபடியால் அது முடிந்தது. ஆண் ஒருவர் வந்து எங்கள் ஊர்க் குசினிக்குள் கால் வைக்க முடியுமா?

அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அது எப்போதும் மறுபக்கம் திரும்பியே கிடக்கும். நாங்களும் கேட்கவில்லை. உலை எண்ணுற ராத்தா என்றால் ஒழுங்கைக்கே தெரியும். ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. கல்முனைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து நிந்தவூர்ப் பிரதான வீதியில் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கமாக நடந்து வருவார். மண்ணிற அபாயா. ரப்பர் வளையம் போட்ட பைல். பைலில் நூலால் கட்டிய பென்சில். பேனை பாவிக்கமாட்டார்.

"பேனையால எழுதினா நீங்க முதல்ல செல்லுற பொய்ய அழிக்க ஏலாதே" என்பார்.

எங்கள் பகுதியில் ஒரு வீட்டுக்கு என்ன வருமானம் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரு தடவை பார்த்தால் போதாது. வருடம் போகப் போக ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் தெரிய வேண்டும். அதனால் தெரிந்தெடுத்த அதே வீடுகளுக்கு மூன்று, நான்கு வருடத்துக்கு ஒரு தடவை அவர் வந்தார். எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடுகள் அந்தப் பட்டியலில் இருந்தன. எங்கள் வீடும் ஒன்று.

வருமானத்தைக் கேட்டால் எங்களிடமிருந்து உண்மை வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கிராம அதிகாரியான விதானையார் பக்கத்தில் நின்றால் உதவிப் பணம் தரத்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்து எல்லாரும் ஏழையாகிவிடுவோம். கலியாணம் பேசுகிற வீட்டில், அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால், அதே வருமானம் இரண்டு மடங்காகிவிடும். அறுவடைக்கு முந்திய மாதம் கேட்டால் ஒன்றும் இருக்காது. பிந்திய மாதம் கேட்டால் எல்லாம் இருக்கும். நோன்பு மாதத்தில் கேட்டால் ஸகாத் தர்மம் வந்து சேர்ந்திருக்கும்.

இதெல்லாம் ராத்தாவுக்குத் தெரியும். அதனால் அவர் வருமானத்தை முதலில் கேட்கவே மாட்டார்.

"ஒரு நேரத்துக்கு எத்தின சுண்டு அரிசி போடுறீங்க?"

இதுதான் முதல் கேள்வி. ரின்பால் தகரப் பேணி ஒன்றில் அள்ளுவது ஒரு சுண்டு. இரண்டு பேருக்குக் காணும். யாரும் அரிசியில் பொய் சொல்ல நினைப்பதில்லை. மூன்று சுண்டு என்று வாயில் வந்துவிடும். பிறகு நேற்று என்ன கறி, மீன் வாங்கியதா கொண்டு வந்ததா, யார் யார் சாப்பிட்டது என்று போகும். அந்தப் பதில்களிலிருந்து மெல்ல மெல்ல வருமானத்துக்கு வந்து சேருவார்.

காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். எதிர்வீட்டுக் காக்காவுக்கு இறக்காமம் பக்கம் வயல். ஒரு தடவை ராத்தா அங்கே போனபோது நானும் தைத்த சட்டையைக் கொடுக்கப் போய் நின்றேன்.

"இந்தப் போகம் ஒண்டும் கிடைக்கல்ல ராத்தா. முழுக்க ஆனை திண்டுட்டு" என்றார் காக்கா.

"முழுக்கவுமா?"

"முழுக்க. வைக்கோல் கூட மிஞ்சல்ல."

ராத்தா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் கட்டில் போல ஒன்று கிடந்தது. அதன் மேல் பூப்போட்ட விரிப்பு. போய் அதில் உட்கார்ந்து கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கட்டில் நல்லாரிக்கி காக்கா. எத்தின நெல்மூடையால செஞ்சீங்க?"

காக்காவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினார். காக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பதினாறு" என்றார்.

"ஆனை வந்ததாவது உண்மையா?"

"அல்லாவுக்காக உண்மை ராத்தா. வேலியோட முக்கால் ஏக்கர் போச்சி."

"அப்ப அதையும் எழுதுவம்" என்று பென்சிலை எடுத்தார்.

பொய்யைப் பிடித்த சந்தோஷத்தோடு அவர் நிற்பதில்லை. யானை தின்ற முக்கால் ஏக்கரும் பைலுக்குள் போனது. ஆனால் அந்த பைலிலிருந்து ஒரு சொல் வெளியே வராது. காக்காவின் மனைவி அடுத்த தடவை எங்கள் வீட்டு வருமானம் எவ்வளவு என்று அவரிடம் கேட்டுப் பார்த்தாராம்.

"எனக்கு ஊடு ஞாபகம் இரிக்கிறல்ல. உலைதான் ஞாபகம் இரிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

அவருக்கு வீடு என்பது சுவரும் கூரையும் அல்ல. ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு. ஒரு கூரைக்குக் கீழே இரண்டு உலை கொதித்தால் இரண்டு வீடு. அப்படித்தான் விதி என்று சொன்னார். எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுக்கிறோம். மருமகன் அங்கே வந்து குடியிருக்கிறார். பெற்றவர்கள் பின்பக்கத்து அறைக்குப் போய்விடுகிறோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வீடு. உள்ளே எத்தனை என்று குசினியைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு நாள் ராத்தா என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அவரும் என்னிடம் கேள்விகளைத் தவிர வேறு கதைத்ததில்லை. அன்று என் பொத்தான் பெட்டியை இழுத்து, சின்னதிலிருந்து பெரியது வரை ஒன்பது பொத்தான்களைப் பாயில் வரிசையாக வைத்தார்.

"இது ஒம்பது ஊடு. நடுவுல நிக்கிற ஊடு எது?"

ஐந்தாவதைத் தொட்டேன்.

"அந்த ஊட்டு வருமானத்தத்தான் எங்கட கணக்கெடுப்புக் கந்தோர் தேடுது. பாதிப் பேர் அதுக்குக் கீழ, பாதிப் பேர் அதுக்கு மேல."

பிறகு கடைசியில் இருந்த பெரிய பொத்தானை எடுத்துவிட்டு, கோட்டுக்குத் தைக்கிற தடித்த பொத்தானை அந்த இடத்தில் வைத்தார்.

"இப்ப ஒரு ஹாஜியார் அரிசி ஆலை போட்டுட்டார். நடு ஊடு அசைஞ்சதா?"

"இல்ல."

"அதான். எல்லாத்தையும் கூட்டிப் பிரிச்சா அவர்ர ஆலையில உங்களுக்கும் பங்கு இரிக்கிற மாதிரி வரும்."

அதற்குப் பிறகு வரிசையில் ஏழாவது பொத்தானை எடுத்தார். அதற்குப் பதிலாகக் கொஞ்சம் சிறியது ஒன்றையும், எல்லாவற்றிலும் சின்னதாக ஒரு சட்டைப் பொத்தானையும் அந்தந்த இடங்களில் வைத்தார். நடு இடம் சின்னப் பக்கமாக நகர்ந்துவிட்டது.

"ஒருத்தருக்கும் ஒரு சதம் குறையல்ல. ஒரு ஊடு ரெண்டு உலையாகிட்டு. அவ்வளவுதான். இந்தப் பக்கம் வறும கூடுதா எண்டு கந்தோர்ல கேக்கிறாங்க. நான் செல்றன், உலை கூடுது சேர். நம்புறாங்க இல்ல. அதான் மூடியத் திறந்து திறந்து பாக்கிறன்."

பொத்தான்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டுவிட்டுப் போனார். பின்னொரு தடவை அந்தச் சட்டைப் பொத்தான் நானாக இருப்பேன் என்று அப்போது தெரியாது.

என் கணவர் மௌத்தாகி அடக்கமாகி, மகளுக்குக் கலியாணமாகி, நான் பின்னறைக்குப் போய்ச் சில வருடங்கள் மகளின் உலையில்தான் சாப்பிட்டேன். மருமகனுக்குக் கல்முனையில் ஒரு புடவைக் கடையில் வேலை. இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் வருவார். எங்கள் பக்கம் மாமியும் மருமகனும் நேரே நின்று கதைப்பது குறைவு. எனக்கு வெட்கம் வேறு அதிகம். ஏதாவது சொல்ல இருந்தால் மகளிடம் சொல்வேன். அவர் இருந்தால் திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவேன்.

சாமான் விலையெல்லாம் ஏறின காலம் அது. ஒரு நாள் மருமகன் மகளிடம் கதைத்தது என் காதில் விழுந்தது.

"இந்த மாசம் முடிய முந்தியே அரிசி வெள்ளனத் தீந்துட்டே."

வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் பின்பக்கத்தில் மூன்று கல்லை வைத்து, அரைச் சுண்டு அரிசியை நானே சமைத்தேன். தையலில் வருகிற காசு அதற்குக் காணும். மகள் கண்டுபிடித்து அழுதாள், ஏசினாள்.

"அவர் அறிஞ்சா என்ன நினைப்பார் உம்மா? ஊர் என்ன செல்லும்? மருமகன் மாமியத் தள்ளி வெச்சிட்டான் எண்டு செல்லாதா?"

"அவர் அறியாம நடந்துக்கிறன்" என்றேன்.

அப்படியே ஆறு மாதம் போனது. அவர் கடைக்குப் போன பிறகு அடுப்பை மூட்டுவேன். அவர் வருவதற்கு முன் அணைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்று அவர் பள்ளிக்குப் போயிருக்கிற நேரத்தில் சமைத்து முடித்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்தா வந்தார். மகளின் சட்டியைத் திறந்தார். ரெண்டு சுண்டு, மகளும் மருமகனும் ரெண்டு பிள்ளைகளுமாக நாலு பேர் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். பிறகு பின்பக்கம் வந்து என் சட்டியைத் திறந்தார். மூடியைத் திரும்ப வைத்தார்.

"மகள் அஞ்சு பேர் எண்டு செல்றா. நீங்க எந்த உலை புள்ள?"

நான் மகளைப் பார்த்தேன்.

"ஒரு வாய ரெண்டு இடத்தில எழுத ஏலாது. ஊட்டுக்காரர் எப்ப இரிப்பார்?"

"வெள்ளிக்கிழம" என்றாள் மகள்.

"அப்ப வெள்ளிக்கிழம ஜும்மாக்குப் பிறகு வாறன்."

அவர் போன பிறகு என்னால் இருக்க முடியவில்லை. அபாயாவைப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். ராத்தா குடைக்குக் கீழே நின்றார். தனியாக ஒருவரைப் பிடித்து நிறுத்தி நான் கெஞ்சியது அன்றுதான்.

"ராத்தா, அஞ்சு எண்டு போட்டுக்கங்க. மருமகனுக்கு இது தெரியா. தெரிஞ்சா மகள்ட வாழ்க்க என்னாகுமோ தெரியா."

"நீங்க மகள்ட உலையில சாப்பிடுங்க. நான் அஞ்சு போடுறன்."

"அது ஏலாது ராத்தா."

"அப்ப எனக்கும் ஏலாது புள்ள."

"ஒரு எழுத்துத்தானே?"

"எனக்கு எழுத்து மட்டும்தானே இரிக்கி." பிறகு குரலைக் குறைத்தார். "நான் ஒண்டும் செல்ல மாட்டன். கேப்பன். கேக்கத்தான் எனக்குச் சம்பளம்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறக்கவில்லை. ஒரு இலக்கத்துக்காக ஒரு குடும்பத்தைப் பிரிக்கிற கல்நெஞ்சுக்காரி என்று வாயில் வந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அடுப்பில் தண்ணீர் ஊற்றினேன். சாம்பலைக் கூட்டித் தென்னைக்குப் போட்டேன். கல்லுகளின் மேல் பெரிய ஓலைக் கடகம் ஒன்றைக் கவிழ்த்தேன். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ராத்தா வந்தார். வழமை போல் பின்பக்கம் வந்தார். கடகத்தைப் பார்த்தார். கூட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் மூடியைத் தூக்காமல் திரும்பியது அன்று மட்டும்தான்.

மண்டபத்தில் மருமகன் உட்கார்ந்திருந்தார். மகள் கதவோடு நின்றாள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"ஒரே உலையில எத்தின பேர் தம்பி?"

மகள் வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்கு முன் மருமகன் சொல்லிவிட்டார்.

"நாலு."

மகள் அவரைப் பார்த்தாள்.

"ஆறு மாசமா நாலுதான் ராத்தா. மாமி பின்னால பொறத்தியா சமைக்கிறா. எனக்குத் தெரியும். நான் வரக்குள்ள புகை மணக்கும். கேக்க வெக்கமா இரிந்திச்சி. எங்கட சோறு அவக்கிப் புடிக்கல்லப் போல."

திரையைப் பிடித்துக்கொண்டேன். அவரோடு நேரே கதைத்த முதல் வார்த்தை அப்படித்தான் வந்தது.

"புடிக்காம இல்ல மகன். அரிசி வெள்ளனத் தீந்துட்டு எண்டு செல்லிச்சீங்களே."

"எப்ப?"

"விலை ஏறின நேரம்."

அவர் யோசித்தார். பிறகு எழுந்து நின்றுவிட்டார்.

"யா அல்லா! அது கடைக்காரன் குறைச்சி நிறுத்துத் தந்ததுக்கு ஏசினது மாமி. அடுத்த நாள் போய் அவனோட சண்டையும் புடிச்சன். மூடையில ரெண்டு கிலோ குறைவு!"

மகள் அழவும் சிரிக்கவும் தொடங்கினாள். மருமகன் ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

"ராத்தா, அஞ்சு எண்டு எழுதுங்க."

"ஏலாது தம்பி."

"ஏன் ஏலாது?"

"இண்டைக்கி எண்ணினா ரெண்டு உலை. நாளைக்கி ஒண்டாச்செண்டா நாளைக்கி வாறவங்க எழுதட்டும்."

"என்ட ஊட்டப் பத்தி நான் செல்றன்!"

"ஓம். நாலு எண்டு செல்லினதும் நீங்கதான்."

"அது வெக்கத்துல நடந்தது ராத்தா. ரெண்டு பக்கமும் வெக்கம்."

"வெளங்குது. வெக்கத்துக்கு இதுல கட்டம் இல்லையே."

நாலு என்றே எழுதினார். பிறகு புதிய படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார். தையலில் எவ்வளவு, தென்னை இரண்டில் எவ்வளவு, நோன்பில் வந்த ஸகாத் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். வீட்டுத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். அதற்கு முன் எந்தக் காகிதத்திலும் அந்த இடத்தில் என் பெயர் இருந்ததில்லை. எழுதி முடித்ததும் பார்த்துக்கொள் என்பது போலப் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த வருடத்துப் பொத்தான் வரிசையில் நான் எங்கே நின்றிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவரும் சொல்லவில்லை.

அடுத்த நாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. கடகத்தை எடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. முதலில் மகள் என் சோற்றுக் கோப்பையைத் திரைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தாள். பிறகு நான் குசினிக்குப் போய்ச் சாப்பிட்டேன். மருமகன் ஒரே பாயில் இருந்தால் இப்போதும் என்னால் சாப்பிட முடியாது. அவருக்கும் முடியாது என்று மகள் சொல்கிறாள். ஆனால் மறைக்க ஒன்றும் இல்லை.

மூன்று வருடம் கழித்து ராத்தா கடைசித் தடவையாக வந்தார். அது கடைசி என்று எங்களுக்குத் தெரியாது. நடை கொஞ்சம் தளர்ந்திருந்தது. அதே குடை, அதே பென்சில்.

"எத்தின பேர்?"

"அஞ்சு" என்றேன். நான்தான் முந்திக்கொண்டேன்.

மகளின் சட்டியைத் திறந்தார். இரண்டரைச் சுண்டு. அது மட்டும் அவருக்குப் போதவில்லை. பின்பக்கம் வந்தார். நானும் பின்னால் போனேன். என் மூன்று கல்லுக்கு நடுவில், மண்ணும் வைக்கோலும் கலந்த குழியில், சிவப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ராத்தா குனிந்து கையை நீட்டினார். அது கொத்த வந்தது. கையை எடுத்துவிட்டு, அங்கேயே குந்தியிருந்து ஐந்து என்று எழுதினார்.

எழுதிவிட்டு எழும்புவார் என்று நினைத்தேன். எழும்பவில்லை. பென்சில் இன்னும் கையில் இருந்தது.

"முட்டை விக்கிறீங்களா?"

"சில நேரம்."

"கோழி ஆர்ட? உங்கடயா, மகள்டயா?"

"எங்கட ராத்தா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு அதையும் எழுதினார்.